ஐந்தாவது இடம்

கணக்கு இடித்தது. இயந்திரத்தில் இருபத்துநான்கு செஷன் ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சிக் கூடத்தில் நான் எண்ணியது பத்தொன்பது பேர். வேறு யாராவதாக இருந்தால் எண்ணியதில் பிழை என்று மறுபடி எண்ணியிருப்பார்கள். எனக்கு முதலில் தோன்றியது, ஐந்து இடத்தை யாரோ அமுக்கிவிட்டார்கள் என்பதுதான். என் சுபாவம் அப்படி. மருந்துக் கடையில் தருகிற பத்து மாத்திரையையும் எண்ணிப் பார்த்து வாங்குகிறவன் நான். கண்ணாடியில் தெரிகிற ஆள்மேல்கூட உங்களுக்கு நம்பிக்கை கிடையாது என்பாள் அம்சவேணி.

அம்சவேணி என் மனைவி. பதினோராம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். வாயை மூடத் தெரியாதவள் என்று அவளை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அந்தப் புதன்கிழமையோடு அவளுக்குப் பேச்சு போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு சில்லைப் பதித்து, பேச்சை மீட்டுக் கொடுக்கிற மையம் எங்களுடையது. திருச்சியில் இருக்கிறது, ஏழு மாவட்டத்துக்கு இது ஒன்றுதான். சில்லைப் பதித்தால் மட்டும் போதாது. ஆறு வாரம் எங்கள் இயந்திரம் அதனுடன் இணைந்திருந்து, அந்தந்த மூளையின் போக்கை அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த இணைப்பைத்தான் செஷன் என்கிறோம். ஒரே நேரத்தில் இருபத்துநான்குக்கு மேல் இயந்திரம் தாங்காது. பேச்சு போன இருபத்தொரு நாளுக்குள் செஷன் தொடங்கிவிட வேண்டும். அதைத் தாண்டினால் மூளை கற்றுக்கொள்ளாது. பிறகு ஆயுளுக்கும் ஊமைதான்.

அம்சவேணி வரிசையில் பதினான்காவது ஆளாகச் சேர்ந்தாள். மையத்தில் வேலை பார்ப்பவன் மனைவி என்று முன்னால் தள்ள முடியுமா என்று மேலாளர் சீதாபதியிடம் கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றுவிட்டார். செஷன்களைத் திறந்து மூடுகிற நிரல் முழுவதையும் எழுதியவன் நான். அந்த நிரலுக்குள் நுழைய என் மனைவி வரிசையில் கிடந்தாள்.

காணாமல் போன ஐந்து இடத்தையும் அன்றைக்கே தோண்டி எடுத்துவிட்டேன். ஐந்தும் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டவர்களின் பெயரில் இருந்தன. அவர்களில் ஒருவர் போய் மூன்று மாதம் ஆகிவிட்டிருந்தது. ஐவரும் வெள்ளிக்கிழமை போனவர்கள். வெள்ளிக்கிழமைகளில் வழியனுப்புகிற பணி ஜெசிந்தாவுடையது. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

ஜெசிந்தா எங்கள் பயிற்சியாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். நோயாளிகளை மாமா, அத்தை என்று கூப்பிடுவாள். அவர்கள் ஒரு எழுத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் இவள் கைதட்டுவாள். அதுவே எனக்கு உறுத்த ஆரம்பித்தது. எல்லோரிடமும் இவ்வளவு இனிமையாகப் பேசுகிறவள் எதையோ மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். பணக்கார வீட்டுக்காரர்கள் எவருக்கோ இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்பது என் கணிப்பு. நேரே போய், "ஏம்மா, இந்த அஞ்சு பேரோட இடமும் ஏன் இன்னும் விடுபடாம கிடக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று கேட்கவில்லை. ஆறு நாள் அவளைக் கண்காணித்தேன். யாரிடம் போன் பேசுகிறாள், டீ குடிக்க யாரோடு போகிறாள், எல்லாவற்றையும் குறித்து வைத்தேன்.

மாலையில் அம்சவேணியின் கட்டிலருகே உட்கார்ந்து அன்றைய சந்தேகத்தை ஒப்பிப்பேன். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், புரியும். ஜெசிந்தாவின் பெயரைச் சொன்னதும் இடமும் வலமுமாகத் தலையை ஆட்டுவாள். வாயிலிருந்து "ப... ப..." என்று மட்டும் வரும். எரிச்சலில் கண் நிறைந்துவிடும். உனக்கு ஆட்களைத் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த சந்தேகத்துக்குப் போவேன். மறுத்துப் பேச ஆள் இல்லாததால் என் சந்தேகம் நன்றாகவே வளர்ந்தது.

செவ்வாய்க்கிழமை சீதாபதியிடம் புகாரை எழுதிக் கொடுத்தேன். அவர் நிர்வாகத்துக்காரர், நிரல் விவகாரம் தெரியாது. செஷனை மூடிவிட்டதாகத்தானே பதிவில் இருக்கிறது, அப்புறம் எப்படி இடம் காலியாகவில்லை என்று கேட்டார்.

"பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறோம்ல சார்? மூடுறதுங்கறது சீட்டை விட்டு எந்திரிக்கிறது. ஆனா துண்டையும் எடுத்தாத்தான் அடுத்தவன் உக்கார முடியும். அது ரெண்டாவது வேலை, விடுவிக்கிறது. இந்த அம்மா எந்திரிக்க வச்சிருக்காங்க, துண்டை எடுக்கல."

"அதை அந்தம்மாவேதான் எடுக்கணுமா? இயந்திரம் தானா எடுக்காதா?"

"எடுக்காது. மூடுன பிறகு அரை மணி நேரம் சில்லு தனியா நிக்குதான்னு நாம பாக்கணும். நின்னா, 'இனி உதவி வேண்டாமா'ன்னு இயந்திரம் கேட்கும். நோயாளி தன் வாயால வேண்டாம்னு சொல்லணும். சொன்னாத்தான் விடுவிக்கும். பதில் வரலேன்னா, என்னமோ ஏதோன்னு பயந்து திரும்ப இணைச்சுக்கும். ஊர்ல எங்க இருந்தாலும் இணைச்சுக்கும். நாந்தான் அப்படி எழுதினேன். யாரையும் நம்பி எழுதக் கூடாதுல்ல."

கடைசி வாக்கியத்தைப் பெருமையாகத்தான் சொன்னேன். அது என் கழுத்தில் விழுந்த கயிறு என்று அப்போது தெரியவில்லை. மறுநாள் ஜெசிந்தாவை விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் என்னைப் பார்த்து, "நான் என்ன சார் பண்ணினேன்?" என்று மட்டும் கேட்டாள். என்ன நடிப்பு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வழியனுப்ப ஆளில்லை. நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்சவேணிக்குப் பதினெட்டாம் நாள். வரிசையில் பதினான்கிலிருந்து ஆறுக்கு வந்திருந்தாள். முன்னால் இருந்த எட்டுப் பேரில் நான்கு பேருக்குத்தான் இடம் கிடைத்தது. மற்ற நான்கு பேருக்கு இருபத்தொரு நாள் கடந்துவிட்டது. அவர்களில் இருவருக்கு நாள் கடந்தது, நான் ஜெசிந்தாவின் டீக் கணக்கைக் குறித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்.

பத்து மணிக்கு முசிறியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரின் செஷனை மூடினேன். அரை மணி நேரக் கண்காணிப்பு ஓடத் தொடங்கியது. பத்து இருபதுக்கு அவர் மருமகன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிளம்பலாமா என்றார். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றேன்.

"பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும் சார். நல்லபடியா பேச்சு வந்து வீட்டுக்குப் போற மனுஷன ராகுகாலத்துல கூட்டிட்டுப் போக முடியுங்களா? அந்தக் கேள்விய போன்ல கேட்டுக்கங்க."

எங்கள் வீட்டில் நாள், நேரம் பார்க்கிற வழக்கமே கிடையாது. அப்பா சாகும்வரை கறுப்புச் சட்டை போட்டவர். நிரல் எழுதும்போது மின்சாரம் போனால் என்ன, இணையம் போனால் என்ன, நோயாளி மயங்கினால் என்ன என்று எல்லாவற்றையும் யோசித்தேன். வெள்ளிக்கிழமை பத்தரை மணியை யோசிக்கவில்லை. நல்ல நாள் என்று வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்குவார்கள்; பத்தரைக்குள் வாசற்படி தாண்டிவிடுவார்கள். கேள்வி கேட்கிற நேரத்தில் நாற்காலி காலியாக இருக்கும். சொல்ல ஆளில்லாததால் இயந்திரம் பயந்துபோய் மறுபடி இணைத்துக்கொள்ளும். மூன்று மாதமாக நடந்தது இவ்வளவுதான்.

அவரைக் கெஞ்சி உட்கார வைத்தேன். பகல் பன்னிரண்டுக்கு மேல் போகிறோம் என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். பெரியவர் தன் வாயால் வேண்டாம் என்றார், இடம் விடுபட்டது, வரிசையில் முதலாவதாக இருந்தவர் உள்ளே போனார். அம்சவேணி ஐந்தாவது ஆனாள். அடுத்து யாருக்கும் சிகிச்சை முடிவது புதன்கிழமைதான். அவளுக்குத் திங்களோடு நாள் முடிகிறது.

அந்த ஐந்து இடத்தையும் நானே நிரலுக்குள் புகுந்து விடுவித்துவிடலாமா என்று கை பரபரத்தது. விடுவித்தால் யார் விடுவித்தது என்று பெயர் பதிவாகும். மையத்தில் வைத்துப் பார்க்காமல், நோயாளி வாயால் கேட்காமல் விடுவிப்பது சட்டப்படி குற்றம். பயந்துபோய் விட்டுவிட்டேன். ஐந்து பேரையும் நேரில் வரவழைத்தே ஆக வேண்டும். புதிய முகமான நான் கூப்பிட்டால் வருவார்களா? அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

சனிக்கிழமை காலை பொன்மலைப்பட்டியில் ஜெசிந்தாவின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டேன், சீதாபதியிடம் பேசிவிட்டேன் என்றேன். நடந்ததையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் உட்காரச் சொன்னாள். தானும் யோசித்துப் பார்க்கவில்லை என்றாள்.

"பேச்சு வந்து வீட்டுக்குப் போற நாள் சார். அவ்வளவு சந்தோஷமா கிளம்புறாங்க. எங்களுக்கு ராகுகாலம் கிடையாது, அவங்களுக்கு உண்டுல்ல. எப்படி நிறுத்தி வைக்கிறது? வீட்ல இருந்தே பதில் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்."

அவ்வளவுதான் சொன்னாள். உடனே போனை எடுத்து ஐந்து வீட்டுக்கும் பேசினாள். ஒருத்தர்கூட ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. திங்கட்கிழமை வருகிறோம் என்றார்கள்.

திங்கள் மதியத்துக்குள் நான்கு பேர் வந்து போனார்கள். நான்கு சில்லும் தனியாக நின்றன. நான்கு பேரும் வேண்டாம் என்றார்கள். நான்கு இடம் காலியாகி, அம்சவேணிக்கு முன்னால் இருந்த நான்கு பேரும் உள்ளே போனார்கள். மாலை ஐந்துக்கு மேல் புது செஷன் திறப்பதில்லை; அதற்குள் ஐந்தாவது இடமும் விடுபட்டாக வேண்டும். சில்லு பதித்தாகிவிட்டது, அம்சவேணியைத் தயார்படுத்த ஜெசிந்தா மாடிக்குப் போனாள். கட்டுப்பாட்டு அறையில் நான் மட்டும் இருந்தேன்.

ஐந்தாவது ஆள் மூன்று மணிக்கு மேல்தான் வந்தார். பெயர் காத்தமுத்து. காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவர். ஏலம் முடிய நேரமாகிவிட்டது, கோவித்துக்கொள்ள வேண்டாம் என்றபடி வந்தார். சட்டையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. செஷனை மூடிவிட்டு, அரை மணி நேரம் உட்காருங்கள் என்றேன்.

அந்த மனிதர் பேச்சை நிறுத்தவே இல்லை. பேச்சு போயிருந்த நாட்களில் மண்டியில் தன் இடத்தில் வேறொருவர் ஏலம் கூவினாராம். இவர் மூட்டைமேல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். செத்துவிடலாம் என்று தோன்றியதாம். இப்போது ஒரே மூச்சில் பதினெட்டு விலை சொல்வதாகச் சொல்லி, சொல்லியும் காட்டினார்.

பதினேழாவது நிமிடத்தில், சில்லின் நிலையைத் திரையில் காட்டுகிற கோடுகளில் முதலாவது சிவப்பானது. இருபதில் இரண்டாவது. காத்தமுத்துவின் சில்லு தனியாக நிற்கவில்லை. மூன்று மாதமாக எங்கள் இயந்திரத்தின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் அது பேசியிருக்கிறது. வழியனுப்பிய வெள்ளிக்கிழமை பத்தரைவரை அவர் உட்கார்ந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். விதி தெளிவாக இருந்தது. சிவப்பு வந்தால் நோயாளியிடம் சொல்ல வேண்டும். செஷனை இன்னும் ஆறு வாரம் நீட்டிக்க வேண்டும். நீட்டித்தால் ஐந்தாவது இடம் இல்லை. விடுவித்தால், சில்லில் மிச்சமிருக்கிற சேமிப்பில் மூன்று மணி நேரம் பேசுவார். அப்புறம் ஆயுளுக்கும் ஊமைதான்; அவருடைய இருபத்தொரு நாள் என்றைக்கோ முடிந்துவிட்டது.

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

"உங்க வீட்லயும் முடியாம இருக்காங்கன்னு ஜெசிந்தாம்மா சொன்னாங்க" என்றார் காத்தமுத்து. "கவலப்படாதீங்க சார். இந்த இடத்துக்கு வந்தவங்க யாரும் பேசாமப் போனதில்ல."

அரை மணி முடிந்தது. சில்லு தனியாக நிற்கிறதா என்று இயந்திரம் என்னிடம் கேட்டது. நிற்கிறது என்று அழுத்தினேன். உடனே அதன் பெண் குரல், இனி உதவி வேண்டாமா என்று அவரிடம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லணும் சார்?"

"வேண்டாம்னு சொல்லுங்க."

"வேண்டாம்" என்றார். ஏலம் முடிக்கிற கணீர்க் குரலில் சொன்னார்.

இடம் விடுபட்டது. விடுவிக்கும்போது அந்த செஷன் பிடித்திருந்த எல்லாவற்றையும் துடைத்துவிடும்படி எழுதியிருந்தேன்; ஏதாவது மிச்சம் இருந்தால் அடுத்தவருக்கு இடைஞ்சல். சிவப்புக் கோடுகளும் அதோடு போயின. காத்தமுத்து என் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார். நான்கு இருபதுக்கு அம்சவேணியின் செஷன் திறந்தது. ஜெசிந்தா கீழே வந்து எட்டிப் பார்த்து, ஐந்தாவது ஆளும் சரியா என்று கேட்டாள். சரி என்றேன். என் வார்த்தையை வைத்தே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காத்தமுத்துவை அவர் மகள் கூட்டி வந்தாள். திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது நா குழறியதாம், விடிந்தபோது பேச்சே இல்லையாம். மருத்துவர்கள் பார்த்துவிட்டு, மறுபடி லேசாகப் பக்கவாதம் வந்திருக்கலாம் என்று எழுதினார்கள். முதல் முறை கற்றுக்கொண்ட மூளை இன்னொரு முறை கற்றுக்கொள்ளாது என்றார்கள். மகள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. காத்தமுத்து என்னைக் கண்டதும் கும்பிட்டார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எவராவது வந்து என் சட்டையைப் பிடித்து, நீ என்னடா செய்தாய் என்று கேட்பார்கள் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை.

மூன்று வாரத்தில் அம்சவேணிக்கு வார்த்தைகள் வர ஆரம்பித்தன. தண்ணீர், வலி, சாக்பீஸ் என்று ஒன்றொன்றாக வந்தன. நான்காவது வாரம் ஒரு காலை, நான் அவள் பக்கத்தில் பயிற்சிப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா வந்து எதிரில் உட்கார்ந்தாள். தூங்கியே பல நாள் ஆன முகம்.

"காத்தமுத்து மாமா நெனப்பாவே இருக்கு சார். மறுபடி வாதம் வந்த மாதிரி எனக்குத் தெரியல. அன்னைக்கு வெள்ளிக்கிழமை நான் அவரப் பத்தரைக்கு முன்னாடி விட்டிருக்கக் கூடாது. திங்கக்கிழமையாவது கூட உக்காந்து பாத்திருக்கணும். இந்த அம்மாவப் பாக்கணும்னு மாடிக்குப் போயிட்டேன். இது என் தப்புதான சார்? நீங்களே சொல்லுங்க."

பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மௌனத்தை அம்சவேணி பார்த்தாள். இருபத்தாறு வருடமாக என்னோடு வாழ்ந்தவள். நான் வாய் திறக்காமல் இருந்தால் எதிரில் இருப்பவரைச் சந்தேகப்படுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். என் மணிக்கட்டைப் பிடித்தாள். உதடு கோணியது, மூச்சை இழுத்தாள், ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்தாள்.

"அந்தப் பொண்ணப் போய்... சந்தேகப்படாதீங்க. அது... பொய் சொல்லாது."

ஜெசிந்தா அழுகையை மறந்து கைதட்டினாள். எழுந்து அம்சவேணியைக் கட்டிக்கொண்டாள். முழுசாப் பேசிட்டாங்க சார், எழுதுங்க என்றாள்.

முதல் முழு வாக்கியம், காலை பதினொன்று நாற்பது என்று பதிவேட்டில் எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.